உப்பும் உயிர்க்கலமும்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் வாக்கு. அட்டாளைச்சேனைக் கரையில் வாழ்வோருக்கு இவ்வாக்கை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிழக்கே உப்புக்கடல், மேற்கே நன்னீர் பாயும் நெல்வயல், இரண்டிற்கும் இடையே கிடக்கும் மணற்றரையில் மனித வாழ்வு. கடல் தரும் மீனும் வயல் தரும் நெல்லும் ஒரே பீங்கானில் கூடியே நமக்கு உணவாகின்றன.

மீன் மலிந்த நாளொன்றில் முற்றத்திலே பாய் விரித்துக் கருவாடு போடும் தாயிடம், "உம்மா, இவ்வளவு உப்பு எதற்கு?" என்று சிறுமி கேட்கின்றாள். "கெடாமல் இருக்கத்தான், மகள்" என்று விடை வருகின்றது. விடை சரியானதே. ஆயினும், உப்பிட்ட மீன் ஏன் கெடுவதில்லை? அதே உப்பு வயலிற் புகுந்தால் பயிர் ஏன் கருகுகின்றது? அதே உப்பை மருத்துவர் நீரிற் கரைத்து நாளத்தில் ஏற்றும்போது நோயாளி ஏன் பிழைக்கின்றார்? கருவாட்டுப் பாயிலும் வயல்வரம்பிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் எழும் இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அவ்விடத்தின் பெயர் கலம். இவ்வாரம் அதனையே நாம் ஆராயப் புகுகின்றோம்.

கலம் என்பது யாது?

நம் நாட்டுப் பாடநூல்கள் கலம் என்று கூறுவதைத் தமிழகத்து நூல்கள் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குகின்றன. கலம் என்ற சொல்லுக்குப் பாத்திரம் என்பது ஒரு பொருள். மரக்கலம் என்பது மற்றொரு பொருள். இரண்டுமே இங்குப் பொருந்துவனவாம். கலம் தன்னுள்ளே நீரையும் பல்வேறு பொருள்களையும் அடக்கி வைத்திருக்கும் பாத்திரம். உப்பு நீரின் நடுவே மூழ்காது மிதக்கும் தோணியும் அதுவே.

1665 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஊக் என்பார் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேனடையின் அறைகளை ஒத்த சிறு சிறு அறைகளைக் கண்டு, அவற்றிற்குச் சிற்றறை என்று பொருள்படும் பெயரை இட்டார். அவர் கண்டவை உயிரற்ற வெறும் சுவர்களே. சில ஆண்டுகளின் பின் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஊக், தாமே தேய்த்தமைத்த வில்லைகளின் வழியாக, குளத்து நீரில் நீந்தித் திரியும் ஒற்றைக்கல உயிர்களைக் கண்டு வியந்தார். தாவரங்கள் யாவும் கலங்களால் ஆனவை என்று 1838 இல் சிலைடனும், விலங்குகளும் அவ்வாறே என்று 1839 இல் சுவானும் எடுத்துரைத்தனர். ஒவ்வொரு கலமும் முன்னிருந்த வேறொரு கலத்திலிருந்தே தோன்றுகின்றது என்ற உண்மையை 1855 இல் வேர்ச்சோ என்னும் செருமானிய மருத்துவர் வலியுறுத்தினார். இம்மூன்றும் சேர்ந்ததே கலக்கொள்கை எனப்படுவது.

கலத்தின் சிறுமையை எங்ஙனம் உணர்வது? நம் உடற் கலங்களிற் பல, ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு முதல் ஐம்பதிலொரு பங்கு வரையிலான குறுக்களவு உடையன. குருதியிலுள்ள செங்குழியங்கள் அவற்றினும் சிறியவை. ஒரு மில்லிமீற்றர் நீளத்தை நிரப்ப ஏறத்தாழ 130 செங்குழியங்களை வரிசையாக வைத்தல் வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் உள்ளன என்று கணித்துள்ளனர். கண்ணாற் காணத்தக்க பெருங்கலமும் உண்டு: கருக்கட்டாத கோழிமுட்டையின் மஞ்சட்கரு ஒரே கலமாகும்.

கலத்தினுள்ளே

கலத்தினுள் நுழைந்து பார்ப்போமாயின், முதலிற் கருவைக் காண்போம். உடலை ஆக்குவதற்கும் நடத்துவதற்கும் வேண்டிய கட்டளைகள் அனைத்தும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகளில் எழுதப்பட்டு அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கட்டளை வேண்டப்படும்போது மூலப்பிரதி வெளியே வருவதில்லை. அதன் படியொன்றே வருகின்றது. அப்படியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதங்களை ஆக்குபவை இறைபோசோம் என்னும் நுண்மணிகள். கலத்தின் தொழிலாளரும் தூண்களும் வாயிற்கதவுகளும் இப்புரதங்களே.

தொழிலுக்குச் சக்தி வேண்டுமன்றோ? அதனை அளிப்பவை இழைமணிகள். நாம் உண்ட சோற்றிலிருந்து பிறந்த குளுக்கோசு கலத்தை அடைந்து உடைபடுகின்றது. உடைந்து வந்த கூறுகளை இழைமணிகள் ஒட்சிசனின் துணையோடு மேலும் எரித்து, வெளிப்படும் சக்தியை ஏ.டி.பி. என்னும் பொருளில் ஏற்றி வைக்கின்றன. ஏ.டி.பி. கலத்தின் கைக்காசு போன்றது. எவ்விடத்தில் வேலை நடைபெறினும் அக்காசே அங்குச் செலவாகின்றது. நெற்பயிரின் இலைக்கலத்தில் இவையன்றிப் பச்சையவுருமணிகளும் உள்ளன. அவை சூரிய ஒளியைக் கொண்டு நீரிலிருந்தும் காபனீரொட்சைட்டிலிருந்தும் வெல்லத்தை ஆக்குவன.

இவையனைத்தையும் வளைத்து நிற்பது கலமென்சவ்வு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஏழெட்டுக் கூறே இச்சவ்வின் தடிப்பு. கொழுப்பினத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் இரண்டு படையாக அடுக்கி அமைந்தது இது. கொழுப்பில் உப்பு கரையாதாகையால், உப்பின் துணிக்கைகள் இதனைத் தாமாக ஊடுருவ இயலாது. சவ்விற் பதிந்துள்ள புரதக் கதவுகளின் வழியாகவே அவை போக்குவரத்துச் செய்தல் வேண்டும். நீரோ எளிதிற் புகும். நீருக்கென்றே அமைந்த தனி வாயில்களும் உண்டு. அவற்றை 1992 இல் கண்டறிந்த அமெரிக்கரான பீற்றர் ஏகர் 2003 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒரு பாதியைப் பெற்றார்.

நீர் செல்லும் திசை

நீர் எளிதிற் புகும், உப்பு எளிதிற் புகாது என்ற இவ்வொரு வேற்றுமையிலிருந்தே பெரும் விளைவுகள் பிறக்கின்றன. சவ்வின் இருபுறமும் உள்ள நீரில் கரைந்த பொருள்களின் செறிவு வேறுபடுமாயின், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லும். இதனைப் பிரசாரணம் என்பர்.

மாணவர்கள் இதனை அடுக்களையிலேயே சோதித்துப் பார்க்கலாம். உருளைக்கிழங்கொன்றிலிருந்து ஒரே அளவான இரு குச்சிகளை வெட்டி, ஒன்றை வெறும் நீரிலும் மற்றொன்றை உப்பு மிகக் கரைத்த நீரிலும் இட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். வெறும் நீரிற் கிடந்தது விறைத்து நிற்கும், வளைத்தால் ஒடியும். உப்பு நீரிற் கிடந்தது துவண்டு தொங்கும். முதலாவதில் கலங்கள் நீரை உள்ளே இழுத்துக்கொண்டன. இரண்டாவதில் நீரை வெளியே இழந்தன.

சிறுமியின் வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். உப்பு, மீனின் தசைக் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கின்றது. வெயில் எஞ்சிய நீரைப் போக்குகின்றது. மீனை அழுகச் செய்யும் பற்றீரியாக்களும் ஒற்றைக்கல உயிர்களே. அவை அவ்வுப்பிற் சிக்கும்போது அவற்றின் கலநீரும் வெளியேறுகின்றது. நீரிழந்த கலம் வளராது, பெருகாது. தேசிக்காய் ஊறுகாய் மாதக்கணக்கிற் கெடாதிருப்பதற்கும் இதுவே தலையாய காரணம்.

நாளத்தில் ஏற்றும் உப்புநீரின் அளவும் இதிலிருந்தே பிறந்தது. வெறும் நீரில் இட்ட செங்குழியம் நீரை உறிஞ்சிப் பருத்து வெடிக்கும். உப்பு மிகுந்த நீரில் இட்டால் சுருங்கிப்போகும். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு என்ற அளவில் அது பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. சேலைன் என்று மருத்துவமனைகளில் வழங்குவது அவ்வளவினதே. கடல்நீரின் ஒரு லீற்றரிலோ ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நடுக்கடலில் நீரின்றித் தவிப்போர் கடல்நீரைக் குடித்தலாகாது என்பது இதனாற்றான். அவ்வளவு உப்பையும் சிறுநீரில் வெளியேற்றக் குடித்ததைவிட மிகுந்த நீர் வேண்டும். அந்நீரை உடற்கலங்களே இழக்க நேரிடும்.

தோணியில் ஊறும் நீர்

எவ்வளவு இறுகக் கட்டிய தோணியிலும் சிறிது நீர் ஊறும். இறைத்துக்கொண்டே இருந்தாலன்றித் தோணி மிதவாது. கலமும் அத்தகையதே. நம் கலங்களைச் சூழ்ந்த நீரிற் சோடியம் மிகுதி. கலத்தினுள் பொற்றாசியம் மிகுதி. கதவுகளின் வழியே சோடியம் ஓயாது உள்ளே கசிகின்றது. அதனை வெளியே இறைக்கும் பம்பியொன்று சவ்விலேயே அமைந்திருக்கின்றது. ஒரு ஏ.டி.பி.யைச் செலவிட்டு மூன்று சோடிய அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசிய அயன்களை உள்ளே கொணர்வது அதன் தொழில். டென்மார்க்கு நாட்டவரான இயென்சு இசுக்கோ, நண்டின் நரம்பை ஆராய்ந்து இதனை 1957 இல் வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997 இல், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நாம் அசையாது படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இவ்விறைப்பு வேலையே விழுங்குகின்றது. பம்பி நின்றால் சோடியம் உட்புகும். சோடியத்தைத் தொடர்ந்து நீரும் புகும். கலம் வீங்கி அழியும். உயிர் வாழ்தல் என்பதன் பெரும்பகுதி உப்பை அதற்குரிய இடத்தில் நிறுத்தி வைத்தலேயாம்.

வயலிற் புகுந்த கடல்

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள். அன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையையே மிகக் கொடிதாகத் தாக்கிற்று. இம்மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விழப்பைப் பற்றிக் கூறச் சொற்கள் இல்லை. அலை வடிந்த பின்னர் எஞ்சியோர் கண்டது மற்றொரு துயரம். கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. அது பெரும்போகக் காலம். கிழக்குக் கரையோரத்தில் கடல் புகுந்த வயல்களில் வளர்ந்துகொண்டிருந்த பயிர், ஈரத்தில் நின்றவாறே காய்ந்தது.

நீரில் நிற்கும் பயிர் நீரின்றிக் காய்வது விந்தையாகத் தோன்றும். நாம் கண்ட பிரசாரணத்தை நினைவுகூர்வோர்க்கு இதில் விந்தையில்லை. வேர்க்கலங்களினுள் இருப்பதைவிட வெளியே உப்புச் செறிவு மிகும்போது, வேர் நீரை உறிஞ்ச இயலாது திணறுகின்றது. இஃது முதல் அடி. அடுத்து, சோடியம் சிறிது சிறிதாக உட்புகுந்து நீரோட்டத்துடன் இலைகளை அடைகின்றது. அங்குப் பொற்றாசியம் செய்ய வேண்டிய வேலைகளை அது குலைக்கின்றது. இலைநுனி வெளிறிக் கருகுகின்றது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இவ்வூறை மிகவும் தாங்கமாட்டாது.

ஆயினும் எல்லா நெல்லும் ஒரு தன்மையதன்று. கேரளக் கரையோர உவர்நிலங்களிற் காலங்காலமாகப் பயிராகும் பொக்காளி உப்பைத் தாங்கவல்லது. நம் நாட்டின் அம்பலாந்தோட்டை நெல்லாராய்ச்சி நிலையத்தார் பொக்காளியின் மரபைச் சேர்த்து உருவாக்கிய அட் 354 என்னும் இனம் உவர்நிலத்திற்கு உகந்ததென 1990 களிலேயே விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. இத்தகைய இனங்கள் உப்பை எங்ஙனம் வெல்கின்றன? அவற்றின் வேரிலுள்ள கலங்கள், மேலேறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து நிறுத்தி, இலைக்குச் செல்லவிடாது தடுக்கின்றன. அத்தடுப்பிற்குரிய வாயிற் புரதத்தின் பரம்பரையலகு, நோனா பொக்ரா என்னும் இந்திய நெல்லினத்தில், 2005 இல் கண்டறியப்பட்டது. தப்பி நுழையும் சோடியத்தைக் கலத்தின் புன்வெற்றிடத்துள் ஒதுக்கிப் பூட்டிவைப்பதும் தாவரங்கள் கையாளும் வழியாகும். களப்போரங்களில் நிற்கும் கண்டல் இனங்களுட் சில, இலையிலுள்ள சுரப்பிகளால் உப்பை வெளியே தள்ளுவதையும் காணலாம். அவ்விலையை நாவில் வைத்தால் கரிக்கும்.

பருவமழை ஆண்டாண்டாகப் பெய்து நிலத்து உப்பைக் கழுவிச் சென்றது. கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், உப்பு மீண்டும் நம் வயல்களை அணுகக்கூடும். ஆகையால் ஒரு நெல்லின் வேர்க்கலத்தில் உள்ள சிறு வாயில், எதிர்காலச் சோற்றின் வாயிலும் ஆகும்.

குழந்தையைக் காக்கும் கதவு

இறுதியாக, ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியைக் கூறுவோம். வயிற்றோட்டம் கண்ட குழந்தை சில மணி நேரத்தில் வாடிவிடுவதைப் பார்த்திருக்கின்றோம். வாந்திபேதியில் நிகழ்வதைக் காண்போம். அந்நோயைத் தரும் பற்றீரியாவின் நஞ்சு, குடற்சுவரின் கலங்களிலுள்ள குளோரைட்டு வாயிலைத் திறந்தபடி நிறுத்திவிடுகின்றது. குளோரைட்டு வெளியேற, அதனுடன் சோடியமும் நீரும் குடலுக்குள் வெள்ளமெனப் பாய்கின்றன. வெறும் நீரைப் புகட்டினால் அது உட்செல்வதில்லை. வந்த வழியே கழிகின்றது.

ஆயின் அதே கலத்தில் வேறொரு கதவு உண்டு. நஞ்சு அதனைத் தொடுவதில்லை. அக்கதவு விந்தையானது: சோடியமும் குளுக்கோசும் ஒன்றாக வந்தாலன்றித் திறவாது. இரண்டு சோடிய அயன்களும் ஒரு குளுக்கோசு மூலக்கூறும் கைகோத்துப் புகும். பின்னால் நீரும் புகும். 1960 இல் பிராகு நகரில் கூடிய அறிஞர் அவையில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர் இச்சேர்க்கையை எடுத்துரைத்தார். கலத்தின் சிறு நுட்பமொன்றை அறியும் ஆவலே அவரைத் தூண்டிற்று. அதன் பயன் பதினோராண்டில் வெளிப்பட்டது.

1971 இல், வங்காளதேசப் போரினால் இலட்சக்கணக்கானோர் இந்திய எல்லையைக் கடந்து அகதிகளாயினர். மேற்கு வங்காளத்துப் பொங்காவில் வாந்திபேதி பரவிற்று. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனபீசு உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் பீப்பாய்களிற் கரைத்து வைத்து, நோயாளரின் உறவினரே கிண்ணங்களில் மொண்டு புகட்டுமாறு செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்ட இடத்தில், அவர் மேற்பார்வையில் மாண்டவர் நூற்றுக்கு நால்வரினும் குறைந்தனர். இந்நூற்றாண்டின் மிக முதன்மையான மருத்துவ முன்னேற்றமாக இது இருத்தல் கூடுமென இலண்டன் நகரத்து லான்செற்று இதழ் 1978 இல் கருத்துரைத்தது. டாக்டர் மகலனபீசு 2022 இல் காலமானார்.

அக்கரைசலின் வழித்தோன்றலே நம் நாட்டில் ஜீவனி என்ற பெயரால் வீடுதோறும் அறியப்பட்ட பொடி. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் விதந்துரைக்கும் அளவின்படி, ஒரு லீற்றர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோசும், 2.6 கிராம் சோடியங்குளோரைட்டும், 1.5 கிராம் பொற்றாசியங்குளோரைட்டும், 2.9 கிராம் மூசோடியஞ்சித்திரேற்றும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் அளக்க வேண்டும் என்பது இப்பொழுது வாசகர்க்கு விளங்கும். விரைவிற் குணமாகட்டும் என்றெண்ணி ஒரு பொட்டலத்தை அரை லீற்றர் நீரிற் கரைத்தால், செறிவு இரட்டிக்கும்; நீர் குடற்கலத்தினுள் செல்வதற்கு மாறாகக் கலத்திலிருந்து வெளியே இழுக்கப்படும். அன்பினாற் செய்தது ஆபத்தாய் முடியும். ஆகவே, பொட்டலத்திற் குறித்த அளவான கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியாற் புகட்டுக. ஒரு நாளுக்கு மேற்பட்டதைக் கொட்டிவிடுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பொடி கிட்டாத இடத்து, ஒரு லீற்றர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு ஒருபோதும் அவ்வளவை மிஞ்சலாகாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, கழிச்சலில் இரத்தம் கண்டாலோ, தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

கருவாட்டுப் பாயில் அள்ளி இறைக்கும் உப்பையும், குழந்தையின் கிண்ணத்தில் அளந்து இடும் உப்பையும் அதே தாயின் கையே எடுக்கின்றது. முன்னதில் கலத்தின் நீரை வெளியேற்றுகின்றாள். பின்னதில் கலத்தினுள் நீரைச் சேர்க்கின்றாள். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை அளவு ஒன்றேயாம். சிறுமி மீண்டும் கேட்பாளாயின், இதனையும் சேர்த்து அவளுக்குச் சொல்லி வைப்பது நன்று.